கமலா ரீச்சரின் தோளில் இருந்த விரல்கள்

அண்ணா, இது அம்மாவின் கடிதம். சந்தைப் படியில் சறுக்கி விழுந்து அவரின் வலக்கையில் பிளாஸ்டர் போட்டிருப்பதால், அவர் சொல்லச் சொல்ல நான் எங்கள் அச்சுக்கடைக் கணினியில் தட்டச்சுச் செய்கிறேன். பேச்சை எழுத்துத் தமிழாக்குவதைத் தவிர வேறெதையும் மாற்ற மாட்டேன். நடந்ததை நடந்தபடி, சொன்னதைச் சொன்னபடி, ஒன்றையும் கூட்டாமல் ஒன்றையும் ஒளிக்காமல் பதிவேன். பாடசாலை விவாதக் கழகத்தின் கூட்ட அறிக்கைகளை எழுதுகிறவள் நான்தான் என்பதால் இது எனக்குப் பழக்கமான வேலை. இடையில் நான் ஏதாவது சொல்ல நேர்ந்தால் அதை அடைப்புக்குறிக்குள் போடுவேன். மற்றதெல்லாம் அம்மா.

தம்பி, உன் கல்யாணம் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளையின் தாய் இந்த நேரத்தில் மகனுக்கு என்ன எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எத்தனையோ குடும்பங்களுக்கு வாழ்த்துமடல் அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்; அந்த வரிகளெல்லாம் எனக்குப் பாடம். அப்படி ஒன்று எழுதத்தான் நேற்று உட்கார்ந்தேன். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. மனதில் ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு வாழ்த்து எழுத எனக்கு வரவில்லை. சந்தேகம் உன்மேல்தான். இந்தக் கடைக்காக நீ செய்து தந்த இணையத்தளத்தை, எனக்குத் தெரியாமல், வருகிற கிழமை சாவுக் காரியங்களைப் பொறுப்பெடுக்கிற ஒரு மலர்ச்சாலைக்கு விற்கப் போகிறாய் என்று நினைக்கிறேன். அதில் உள்ள இறந்தவர்களின் முகங்களோடு சேர்த்து. அப்படியில்லை என்றால் நீ வந்து சொல். அதுவரை நான் சந்தேகப்படுவேன். இதை அச்சடித்துக் கடை மேசையிலும் வைக்கப் போகிறேன். பிள்ளையைக் கொண்டோ பெறாமகனைக் கொண்டோ கடைக்குத் தளம் செய்வித்தவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். கல்யாண அட்டை பார்க்க வருகிறவர்கள் இதையும் வாசிக்கட்டும். அவர்களுக்கான பிரதியில் பெயர்களை மாற்றிவிடுவேன். உன்னுடையதில் எல்லாம் உள்ளபடி இருக்கும்.

இந்தத் தளம் எப்படிப் பிறந்தது என்பது உனக்கு நினைவிருக்கும். ஊரடங்குக் காலத்தில் உன் அப்பா போனார். சாவீட்டுக்கு வர அனுமதி கிடைத்தவர்கள் எங்கள் ஹோலின் ஒரு மூலைக்குள் அடங்கினார்கள். ஊராரின் முப்பத்தோராம் நாளுக்கெல்லாம் நினைவு மலர் அச்சடித்துக் கொடுத்த இந்தக் கடையில், உன் அப்பாவின் நினைவு மலர் கட்டுக்கட்டாகக் கிடந்தது. கொடுக்க ஆளில்லை. நீதான் அதைப் பக்கம் பக்கமாக இணையத்தில் ஏற்றினாய். முகப்பில் நான் எடுத்த படம். கடற்கரைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில், காற்றில் தலைமயிர் எழும்பி நிற்க, "கெதியா எடுமப்பா, ரெயின் வருது" என்று அவர் என்னைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது எடுத்தது. வாய் பாதி திறந்திருக்கும். சாவுப் படத்துக்கு அது பொருந்தாது என்று உன் சித்தப்பா சொன்னார். அதுதான் வேண்டும் என்று நீ பிடிவாதமாக நின்றாய். அன்றைக்கு உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குச் சொன்னதில்லை.

அதைப் பார்த்து மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். அப்போதுதான் உன்னிடம் அதை ஒரு வேலையாகக் கேட்டேன். கடையின் பெயரில் ஒரு தளம். நினைவு மலர் அச்சடிக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதில் ஒரு பக்கம். நீ உடனே, "நான் செய்து தாறன் அம்மா. வெளியிலை குடுத்தால் சுத்திப்போடுவாங்கள்" என்றாய். எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டேன். "அம்மாவுக்கே பில் போடுறது? விசரே உங்களுக்கு?" என்று சிரித்தாய். அப்படிச் சும்மா வாங்க எனக்கு மனமில்லை. உனக்கு ஒரு புது லப்டொப் வாங்கித் தந்தேன். அது வேலைக்குக் கொடுத்த கூலியா, தாய் கொடுத்த பரிசா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. தளத்தின் முகவரியைப் பதிய ஒரு வங்கி அட்டை தேவைப்பட்டது. என்னுடைய அட்டை இணையத்தில் வேலை செய்யவில்லை, உன்னுடையதைப் போட்டாய். முகவரி உன் பெயரில் பதிவானது. அதையும் யாரும் யோசிக்கவில்லை. மகனோடு ஒப்பந்தம் எழுதுகிற தாயை நான் எங்கேயும் கண்டதில்லை. எழுதியிருந்தால் நீ மனம் நொந்திருப்பாய், நானும் வெட்கப்பட்டிருப்பேன். அந்த வெட்கம்தான் இப்போது என்னை இந்த நாற்காலியில் உட்கார்த்தி வைத்திருக்கிறது.

பக்கங்களுக்கான வசனங்களை உன் தங்கை எழுதினாள். பிறந்த இடம், படித்த பாடசாலை என்று அடுக்கி எழுதுவதை விட்டுவிட்டு, ஒவ்வொருவரைப் பற்றியும் வீட்டாரிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். (அண்ணா, அம்மா இந்த இடத்தில் என் தலையைத் தடவினார். இதைப் பதியத் தேவையில்லை என்றார். எல்லாவற்றையும் பதிவேன் என்று சொல்லிவிட்டேன்.)

குணம் மாஸ்டரை நீ மறந்திருக்க மாட்டாய். அவரின் மனைவி கமலா ரீச்சர் உனக்கு மூன்றாம் வகுப்பில் கணக்குச் சொல்லித் தந்தவர். அவர் இறந்தபோது மாஸ்டர் ஒரே ஒரு படம்தான் கொண்டுவந்தார். யாரோ ஒருவரின் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படம். அதில் ரீச்சர் மட்டும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். நீ அவரைத் தனியாக வெட்டியெடுத்தாய். அவரின் இடது தோளில் யாரோ ஒருவரின் விரல்கள் மிச்சம் இருந்தன. அவற்றையும் நீ அழகாக அழித்து, சேலைக் கரையை அந்த இடத்தில் இழுத்து நிரப்பிக் காட்டினாய். நல்ல வேலை, ஒரு தடயமும் இல்லை. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

"தம்பி, இதிலை ஒரு கை இருந்ததெல்லோ?"

"ஓம் மாஸ்டர், அழிச்சிட்டன். இப்ப வடிவா இருக்குது."

"வடிவுதான். ஆனா அது என்ரை கை. அது கிடக்கட்டும்."

நீ விரல்களைத் திரும்பப் போட்டுக் கொடுத்தாய். ரீச்சரின் நினைவுப் பக்கத்தில் விரல்களோடு இருக்கிற படம்தான் ஏறியது. தங்கை எழுதிய முதல் வரியும் அதைப் பற்றியதுதான்: ரீச்சரின் தோளில் இருப்பது மாஸ்டரின் கை, சிரிப்புக்குக் காரணமும் அவர்தான்.

போன மாதம் மாஸ்டரின் சிநேகிதர் ஒருவர் காலமானார். வீட்டாருக்கு உதவியாக மாஸ்டரும் மலர்ச்சாலைக்குப் போனார். பெட்டி, வாகனம் எல்லாம் பேசி முடிந்த பிறகு, அங்கே இருந்த பெண் ஒரு திரையைத் திருப்பி, இப்போது இணையத்தில் நினைவுப் பக்கமும் செய்து கொடுக்கப் போகிறோம், இப்படித்தான் இருக்கும் என்று மாதிரி ஒன்றைக் காட்டியிருக்கிறாள். திரையில் கமலா ரீச்சர். கீழே "திருமதி மாதிரி அவர்கள்" என்று பெயர். தங்கை எழுதிய வசனங்களில் பெயர் வரும் இடங்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். மாஸ்டர் அங்கிருந்து நேரே இங்கே வந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"பிள்ளை, ஏன் என்ரை விரலை எடுத்தனீங்கள்?"

நாங்கள் எடுக்கவில்லை என்றேன். உன்னைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். "அது ஜெரோம் பார்க்கிற விஷயம் அம்மா. உங்களுக்கு உது விளங்காது, நான் பிறகு கதைக்கிறன்" என்று வைத்துவிட்டாய். பிறகு கதைக்கவில்லை. எனக்கு விளங்காது என்று நீ சொன்னாய் அல்லவா, அதற்காகவே விளங்கிக்கொள்ளப் புறப்பட்டேன்.

ஜெரோம் உன் மச்சான் ஆகப் போகிறவன். கொட்டாஞ்சேனையில் அவன் நடத்துகிற கம்பனியில்தான் நீ வேலை செய்கிறாய், அவன் தங்கை ஷெரினைத்தான் கட்டப் போகிறாய். கல்யாண அட்டையின் மாதிரியைக் காட்டுகிற சாட்டில், நீ இல்லாத நேரமாகப் பார்த்து அங்கே போனேன். அவர்கள் என்னை நன்றாகத்தான் வரவேற்றார்கள். ஷெரின் பட்டிஸ் கொண்டுவந்து வைத்தாள், பிளேன்டீ ஊற்றினாள், என் பையை வாங்கிக் கதிரையில் வைத்தாள். இவ்வளவு அன்பு எதற்கு என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. பிழையாக இருக்கலாம். மனது ஒருமுறை சந்தேகத்தில் விழுந்துவிட்டால் பட்டிஸுக்குள்ளும் கிளறிப் பார்க்கும்.

"ஜெரோம், அந்த மலர்ச்சாலைக்காரருக்கு நீங்கள் காட்டின தளம் என்ரை கடையின்ரைதானே?"

"ஐயோ ஆன்ட்டி, டென்ஷன் ஆகாதீங்க. அது சும்மா டெமோ. அவங்களோட அக்ரிமெண்ட் அடுத்த கிழமைதான்."

"டெமோவோ என்னவோ, கமலா ரீச்சர் எங்கடை ஆள்."

"அந்த ஃபோட்டோவ மாத்திரலாம் ஆன்ட்டி, அது பெரிய விஷயமில்ல. டிசைனும் கோடிங்கும்தான் முக்கியம். அது மச்சான் எழுதினது. அவருக்கு உரிமை இருக்குதானே?"

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குப் பாவிக்கிற உரிமை இருக்கு ஆன்ட்டி. யாரும் உங்கள நிப்பாட்ட மாட்டாங்க."

"வாடகைக்கு இருக்கிறவைக்குச் சொல்லுற மாதிரிச் சொல்லுறீர்."

அவன் சிரித்தான். ஷெரின் சிரிக்கவில்லை. "அண்ணே, ஆன்ட்டி கேக்கிறது நியாயம்தானே?" என்றாள். அவன் அவளைப் பார்த்த பார்வையையும் நான் குறித்துக்கொண்டேன். புறப்படும்போது அவள் என்னோடு படியிறங்கி வந்து, பஸ் வரும்வரை நின்றாள். அதையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல்தான் ஏறினேன்.

அன்றைக்கு வீடு வரும்போது என் சந்தேகமெல்லாம் ஜெரோம்மேல்தான் இருந்தது. அவன்தான் தளத்திலிருந்து படத்தை எடுத்து, விரலை அழித்து, மலர்ச்சாலைக்குக் காட்டியிருக்கிறான். என் பிள்ளை நல்லவன், ஆனால் வாயில்லாதவன் என்று நினைத்துக்கொண்டேன். தங்கையிடம் அப்படியே சொன்னேன். அவள் மலர்ச்சாலையின் மாதிரியை இணையத்தில் தேடித் திறந்து, அதில் இருந்த படத்தையும் எங்கள் தளத்தின் படத்தையும் நீண்ட நேரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, இது புதுசா அழிச்சதில்லை" என்றாள். (ஆம் அண்ணா, நான்தான் சொன்னேன். சேலைக் கரையில் ஒரு மாங்காய்ப் பூ இரண்டு தடவை வருகிறது. நீங்கள் முதலில் அழித்துக் காட்டிய படத்திலும் அதே இடத்தில் அதே பூ இரண்டு தடவை வந்தது. நான் அப்போது உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன், சொன்னால் நீங்கள் கோபிப்பீர்கள் என்று சொல்லவில்லை.) அந்தப் படம் தளத்தில் ஏறியதேயில்லை, தம்பி. மாஸ்டர் வேண்டாம் என்ற உடனே அது உன் லப்டொப்பில் தங்கிவிட்டது. அங்கிருந்து அதை ஜெரோம் திருட முடியாது. நீதான் எடுத்துக் கொடுத்திருக்கிறாய். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை என்று எழுதச் சொன்னால் தங்கை எழுதுவாள், ஆனால் நான் சாப்பிட்டேன். கோபத்தில் எனக்குப் பசி கூடும்.

அடுத்த நாள் ஒழுங்கை முனையில் இருக்கிற சட்டத்தரணி அம்மா கடிதத்தாள் எடுக்க வந்தார். பெயர் சொல்லாமல், யாரோ ஒரு தாய்க்கு நடந்ததுபோல் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எழுத்திலை ஏதும் இருக்கோ?" என்றார். செய்து கொடுத்தது அந்தத் தாயின் சொந்தப் பிள்ளை என்றேன்.

"சொந்தப் பிள்ளையெண்டால் கட்டாயம் எழுதியிருக்க வேணும். தளம் எண்டு நீங்கள் சொல்லுறது ஒரு சாமான் இல்லை. கோடிங் எழுதினவருக்குக் கோடிங். வசனம் எழுதினவருக்கு வசனம். படம் எடுத்தவருக்குப் படம். முகவரி ஆரின்ரை பேரிலை பதிஞ்சிருக்கோ, பூட்டும் திறப்பும் அவரின்ரை கையிலை. எழுத்திலை மாத்தித் தராட்டில், செய்விச்சவருக்குப் பொதுவா பாவிக்கிற உரிமைதான் மிஞ்சும்."

"அப்ப அந்தத் தாய்க்கு ஒண்டுமில்லையோ?"

"ஏன் இல்லை? அவவுக்கு ஒரு மகன் இருக்கிறார்தானே" என்று சொல்லிவிட்டு, கடிதத்தாளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பகிடிக்குச் சொன்னாரா, புத்தி சொன்னாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. நீ இந்த வேலையை என் கடையில்தான் பழகியிருக்கிறாய். ஒரு குடும்பம் பணம் கொடுத்து ஒரு கல்யாண அட்டை செய்விக்கும். அட்டை அவர்களோடு போகும், அதன் வடிவம் என் கணினியில் தங்கும். அடுத்த குடும்பம் வந்தால் பெயரையும் நாளையும் மண்டபத்தையும் மாற்றி அதையே காட்டுவேன். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான். எந்த வாடிக்கையாளரும் அது என்னுடையது, மற்றவருக்குக் காட்டாதே என்று சொன்னதில்லை. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவன் நீ, கமலா ரீச்சரின் பக்கத்தையும் பெயரை மாற்றி அடுத்தவருக்குக் காட்டினாய். உனக்கு அது பிழையாகவே பட்டிருக்காது. ஆனால் தம்பி, அட்டையில் இருக்கிற பிள்ளையார் எல்லாருக்கும் பிள்ளையார். கமலா ரீச்சரின் முகம் அப்படியில்லை. ஆகவே கோடிங்குக்கு நான் சண்டை பிடிக்கவில்லை. அது நீ கண்விழித்து எழுதியது. எடுத்துக்கொள், விற்றுக்கொள், நூறு மலர்ச்சாலைக்குக் கொடு. அந்த முகங்கள் உன்னுடையவையும் அல்ல, என்னுடையவையும் அல்ல. என்னை நம்பித் தந்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். மாதிரிக்கு ஒரு முகம்தான் தேவை என்றால், உன் அப்பாவின் முகம் அந்த லப்டொப்பில்தானே இருந்தது. அதுதான் தளத்தின் முதல் பக்கம். அதன் கீழே "திரு மாதிரி அவர்கள்" என்று போட உனக்கு ஏன் கை வரவில்லை? அதற்குக் காரணம் உனக்குத் தெரியும். அதே காரணம் குணம் மாஸ்டருக்கும் இருக்கும் என்று நினைக்கத்தான் உனக்கு நேரமில்லாமல் போய்விட்டது.

இனி உன் கல்யாணத்துக்கான புத்திமதி. இதையும் சந்தேகத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் இந்தமுறை சந்தேகம் உனக்காக. எங்கள் தளத்தின் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் முன்பு கடையின் பெயர் இருந்தது. இப்போது எல்லா உரிமையும் ஜெரோமின் கம்பனிக்கு என்று இருக்கிறது. தங்கைதான் கண்டுபிடித்தாள். என் பெயர் போனதற்காக அழமாட்டேன். ஆனால் உன் பெயர் எங்கே? கோடிங் எழுதியவன் நீ என்று ஜெரோம் தன் வாயால் சொன்னான், எழுத்தில் எங்கேயும் சொல்லவில்லை. அவனோடு நீ ஏதாவது எழுதி வைத்திருக்கிறாயா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். கட்டப் போகிறவளின் அண்ணன். அவனிடம் தாளை நீட்டினால் என்ன நினைப்பான் என்று வெட்கப்பட்டிருப்பாய். நான் உன்னிடம் வெட்கப்பட்ட அதே மாதிரி. வருகிற கிழமை மலர்ச்சாலைக்காரர் கையெழுத்து வைத்தால், அது அவனுக்கும் அவர்களுக்கும் இடையிலான காரியம்; நீ வெளியே நிற்பாய். பிறகு ஒரு நாள், "மச்சான், உங்களுக்குப் பாவிக்கிற உரிமை இருக்கு" என்று உனக்கும் சொல்லுவான், பட்டிஸும் தருவான். உறவுக்காரர்களோடு எழுதாமல் விட்டது, பிறகு அந்த உறவுக்குள்ளேயே கிடந்து ஊறும். ஷெரினோடு நீ நல்லாக இருக்க வேண்டுமென்றால், அவள் அண்ணனோடு தாளில் கதை. அவள் கோபிக்க மாட்டாள். பஸ்ஸுக்கு நின்றபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஆன்ட்டி, அவர் பேர் ஏன் ஒரு இடத்திலயும் இல்ல?" இதை உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன், ஏனென்றால் அவளையும் நான் நம்பவில்லை. இப்போது பாதி நம்புகிறேன்.

நான் கேட்பது இதுதான். தளத்தின் முகவரி என் பெயருக்கு வர வேண்டும். முகங்களையும் வசனங்களையும் அவரவர் வீட்டாரைக் கேட்காமல் வேறெங்கும் வைக்கக் கூடாது. கோடிங் உன்னுடையது, அதை நான் காலமெல்லாம் பாவிக்கலாம். இவ்வளவையும் தாளில் எழுதி இரண்டு பிரதி அச்சடித்திருக்கிறேன். இடக்கையால் கையெழுத்தும் வைத்துவிட்டேன், கோழி கிறுக்கினது போல இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் நீ வந்து வைக்க வேண்டும். அனுப்பிவிடுங்கள் என்று சொல்லாதே. வர வேண்டும். கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது, பிளாஸ்டரோடோ பிளாஸ்டர் இல்லாமலோ, நான் உன் தோளில் கை வைத்துக்கொண்டுதான் நிற்பேன். பிறகு ஒரு காலத்தில் யாராவது உன்னை மட்டும் அதிலிருந்து வெட்டியெடுக்க நேர்ந்தால், விரல் யாருடையது என்று கேட்டுவிட்டு வெட்டச் சொல்லு.

(அண்ணா, கடிதம் இங்கே முடிகிறது என்று அம்மா சொன்னார். முழுவதையும் வாசித்துக் காட்டுவதற்காக நான் திரையில் மேலே போனபோதுதான், பக்கத்தின் மேல் மூலையில் ஒரு சின்ன வட்டத்தைக் கண்டேன். அதற்குள் உங்கள் பெயரின் முதல் எழுத்து; இதே கோப்பை வேறொருவர் இணையத்தில் திறந்து வைத்திருந்தால் அப்படித்தான் காட்டும். கடைக் கணினியில் நாங்கள் எதை எழுதினாலும் அது நீங்கள் திறந்து தந்த இணையக் கணக்கில்தான் சேர்கிறது என்பதை நாங்கள் இருவரும் மறந்துவிட்டோம். இந்தக் கடிதமும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

"உது என்ன வட்டம்?" என்று அம்மா கேட்டார்.

"அண்ணா. வாசிச்சுக்கொண்டிருக்கிறார்."

"எப்ப தொட்டு?"

"தெரியாது."

அம்மா திரைக்குக் கிட்ட வந்து, அந்த வட்டத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "களவா நிண்டு கேக்கிறான். அழிக்கப் பார்ப்பான், கவனமா இரு" என்றார். நீங்கள் எதையும் அழிக்கவில்லை. எங்கள் கடைசி வரியின் கீழே உங்கள் நிறத்தில் ஒரு கோடு துடித்துக்கொண்டு நின்றது. ஒரு எழுத்தும் வரவில்லை. பிறகு வட்டம் போய்விட்டது. காலிக்குப் போகிற பெரிய வீதிப் பக்கம் பஸ்காரன் ஆள் கூப்பிடுகிற சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா, "அந்த மலர்ச்சாலை மாதிரியைத் திறந்து பார்" என்றார். திறந்தேன். கமலா ரீச்சர் இல்லை. அந்த இடத்தில் அப்பா இருந்தார். காற்றில் தலைமயிர் எழும்பி, வாய் பாதி திறந்து. அவசரத்தில் செய்திருக்கிறீர்கள் போல, கீழே பெயர் இன்னும் திருமதி மாதிரி என்றுதான் இருந்தது.

அம்மா சிரித்தாரா அழுதாரா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பியபோது குரல் வழக்கம்போல இருந்தது.

"அந்தப் படம் ஆர் எடுத்தது?"

"நீங்கள்தான்."

"என்னைக் கேட்டவனே?"

"இல்லை."

"அப்ப அதையும் எழுது. படம் எடுத்தவ நான். கேக்காமல் போட ஏலாது. வந்து கேக்கச் சொல்லு."

எழுதிவிட்டேன் அண்ணா. அந்த இரண்டு பிரதிகளையும் அம்மா மேசையில், குணம் மாஸ்டர் உட்கார்ந்த நாற்காலிக்கு நேரே, பேப்பர்வெயிட் வைத்து வைத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பேனாவும் இருக்கிறது. வட்டம் திரும்பவும் வந்திருக்கிறது. கணினியை நிற்பாட்டட்டுமா என்று கேட்டேன், வேண்டாம், அது கிடக்கட்டும் என்றார். கடையின் விளக்குகளை மட்டும் அணைத்துவிட்டார்.)